புர்சா நகரின் மணிக்கூட்டுக் கோபுரம்: மீள்கட்டுமானமும் நேரத்தின் மீதான ஆட்சியும்

1. முன்னுரை

பொது இடங்களிலே அரசுகள் எழுப்பிய கட்டடங்களைக் கலைவரலாற்றுச் சின்னங்களாக மட்டும் நோக்கும் வழக்கம் நம்மிடையே வலுவாக உள்ளது. கட்டடத்தின் உயரம், அதன் பாணி, அதனைக் கட்டுவித்தவரின் பெயர், திறந்துவைக்கப்பட்ட ஆண்டு ஆகியன குறிக்கப்பட்டதும் ஆய்வு நிறைவெய்திவிட்டதாகக் கொள்ளப்படுகின்றது. அக்கட்டடம் யாருக்காக எழுந்தது, யாருடைய வாழ்வை அது ஒழுங்குபடுத்த முனைந்தது, யாருடைய வாழ்வு அதற்குப் புறம்பாக நின்றது என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. மணிக்கூட்டுக் கோபுரங்களைப் பொறுத்தவரையில் இக்குறை மேலும் கூடுதலாகவே காணப்படுகின்றது. மணிக்கூடு நடுநிலையான கருவி. அது காட்டும் நேரம் எல்லோர்க்கும் பொதுவானது. ஆகவே அதனை அமைத்தவர் ஊருக்கு நன்மை செய்தவர் என்று நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகின்றோம்.

இம்முடிவு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைத் துருக்கியின் வடமேற்கிலுள்ள புர்சா நகரத்து மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆறு தளங்களுடன் ஏறத்தாழ 33 மீற்றர் உயரத்தில், டோப்ஹானே என்னும் மேட்டில் இக்கோபுரம் நிற்கின்றது. அம்மேட்டில் எழுந்த முதலாவது கோபுரம் இதுவன்று. சுல்தான் அப்துல் அஸீஸின் ஆட்சிக் காலத்தில் (1861-1876) அங்கே ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் கட்டப்பட்டது. 1900ஆம் ஆண்டளவில் அது இல்லாதொழிந்தது. இன்று நாம் காண்பது, 1904இல் பணி தொடங்கப்பெற்று 1905 ஆகஸ்ட் இறுதியில், சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் 29ஆவது முடிசூட்டு ஆண்டு நிறைவையொட்டி மாகாண ஆளுநர் இரஷீத் மும்தாஸ் பாஷா திறந்துவைத்த இரண்டாவது கோபுரமாகும்.

ஒரு கோபுரம் மறைந்த இடத்தில் இன்னொன்றை எழுப்புவது வெறும் பழுதுபார்ப்பு அன்று. மீளக் கட்டுபவர் பழைய கட்டடத்தின் பணியை மட்டுமன்றி, அதன் பொருளையும் புதிதாக வரையறுக்கிறார். புர்சாவில் அவ்வாறு வரையறுக்கப்பட்டது நேரத்தின் மீதான அரசின் உரிமை என்பதும், அந்நகரத்து உழைக்கும் மக்களுக்கு முக்கியமான நேரம் அக்கோபுரத்தில் அன்றி வேறிடத்திலேயே தீர்மானிக்கப்பட்டது என்பதும் நாம் இங்கு நிறுவ முயலும் கருத்துகளாகும்.

2. கோபுரத்திற்கு முன்னர் இருந்த நேரம்

உதுமானியப் பேரரசில் மணிக்கூட்டுக் கோபுரங்கள் தோன்றியதை, நேர உணர்வற்றிருந்த ஒரு சமூகம் ஐரோப்பாவிடமிருந்து நேரத்தைக் கற்றுக்கொண்ட கதையாகச் சிலர் எழுதியுள்ளனர். இக்கதைக்கு நீண்ட மூலமுண்டு. 16ஆம் நூற்றாண்டில் ஹப்ஸ்பேர்க் பேரரசின் தூதராக இஸ்தான்புல்லில் இருந்த புஸ்பெக், துருக்கியர் பொது மணிக்கூடுகளை ஏற்க மறுத்ததற்குப் பாங்கு சொல்வோரின் மதிப்புக் குன்றிவிடும் என்ற அச்சமே காரணம் எனத் தம் கடிதங்களில் எழுதினார். பின்வந்தோர் பலர் இதனையே திரும்பத் திரும்பக் கூறினர்.

எனினும் சான்றுகள் வேறுவிதமாகப் பேசுகின்றன. அதே 16ஆம் நூற்றாண்டில் உதுமானிய வானியலறிஞர் தக்கியுத்தீன் பொறிமணிக்கூடுகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். போல்கன் பகுதியில் ஸ்கோப்யே, பன்யா லூக்கா ஆகிய நகரங்களில் அந்நூற்றாண்டிலேயே உதுமானிய மணிக்கூட்டுக் கோபுரங்கள் இருந்தன. அனத்தோலியாவில், சவ்ரன்போலு நகரில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு கோபுரம் எழுந்தது. இஸ்தான்புல்லில் ஐரோப்பிய மணிக்கூட்டுத் தொழிலாளர் குடியேறித் தொழில் செய்தனர். தத்துவஞானி ரூசோவின் தந்தையார் அவர்களுள் ஒருவர் என்பது பலரும் அறியாத செய்தியாகும். ஆகவே கருவி புதியதன்று. அக்கருவி எந்த நேரத்தைக் காட்டியது, அந்த நேரத்தை யார் கணித்தனர் என்பனவே வரலாற்று வினாக்களாகும்.

உதுமானிய மக்கள் வழக்கில் நாள் என்பது கதிரவன் மறையும்போது தொடங்கியது. மறையும் கணமே பன்னிரண்டு மணி. அங்கிருந்து பன்னிரண்டு மணி நேரங்கொண்ட இரு சுற்றுகளாக நாள் எண்ணப்பட்டது. பிற்காலத்தில் ஐரோப்பிய முறையான ‘அலபிராங்கா’விலிருந்து வேறுபடுத்தும் பொருட்டு இது ‘அலத்துர்க்கா’ நேரம் எனப்பட்டது. கதிரவன் மறையும் நேரம் நாள்தோறும் மாறுவதால் மணிக்கூட்டையும் நாள்தோறும் திருத்த வேண்டியிருந்தது. பெரிய பள்ளிவாசல்களை அடுத்திருந்த சிறு கட்டடங்களில் முவக்கித் எனப்பட்ட நேரக்கணிப்பாளர் அமர்ந்து, வானியற் கருவிகளின் துணையோடு தொழுகை வேளைகளைக் கணித்தனர். தெருவிற் செல்வோர் தம் கைக்கடிகைகளை அங்கே திருத்திக்கொண்டனர்.

இம்முறையின் இயல்பைப் புர்சாவை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். ஏறத்தாழ 40 பாகை வட அகலக்கோட்டில் அமைந்த அந்நகரில் மாரிகாலத்தின் மிகக் குறுகிய பகல் 9 மணி 20 நிமிடமளவிலும், கோடையின் மிக நீண்ட பகல் 15 மணியளவிலும் இருக்கும். ஆகவே அலத்துர்க்காக் கணக்கில் உச்சிப்பொழுது மாரியில் ஏழு மணி இருபது நிமிடமளவிலும் கோடையில் நாலரை மணியளவிலும் வரும். மாரியில் இரண்டு மணி நாற்பது நிமிடமளவில் உதிக்கும் கதிரவன் கோடையில் ஒன்பது மணியளவில் உதிப்பான். மாறாதிருப்பது மாலைப் பன்னிரண்டு ஒன்றே. உழவும் தொழுகையும் கடைவீதியும் பகலொளியைச் சார்ந்திருந்த ஒரு சமுதாயத்திற்கு இது குழப்பமான முறையன்று. மிகப் பொருத்தமான முறையாகும். கதிரவன் மறைவதற்கு இன்னும் எத்தனை நாழிகை உண்டு என்பதை அது நேரே கூறிற்று.

புர்சாவில் இந்நேரத்திற்கு ஓர் ஒலியும் இருந்தது. டோப்ஹானே என்னும் சொல்லே பீரங்கி வைக்கும் இடத்தைக் குறிக்கும். நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கும் வேளையை அம்மேட்டிலிருந்து முழங்கிய பீரங்கி நகருக்கு அறிவித்தது. ஆகவே மணிக்கூட்டுக் கோபுரம் எழுந்த மேடு, ஏற்கெனவே நேரம் ஒலித்துக்கொண்டிருந்த மேடாகும். இது மனங்கொள்ளத்தக்கது.

3. நிலநடுக்கத்தின் பின்னர்: முதற் கோபுரத்தின் சூழல்

டோப்ஹானே மேட்டுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. 1326இல் உதுமானியர் கைப்பற்றிய புர்சா அவர்களின் தலைநகராயிற்று. அரசமரபின் தாபகரான ஒஸ்மானும், நகரைக் கைப்பற்றிய அவர் மகன் ஓர்ஹானும் அம்மேட்டிலேயே அடக்கஞ்செய்யப்பட்டுள்ளனர். பின்னர் எடிர்னேயும் இஸ்தான்புல்லும் தலைநகரங்களாகிய போதும் மரபின் பிறப்பிடம் என்னும் பெருமை புர்சாவை விட்டு நீங்கவில்லை.

1855 பெப்ரவரியிலும் ஏப்பிரலிலும் நிகழ்ந்த இரு பெரும் நிலநடுக்கங்கள் அந்நகரைச் சிதைத்தன. பள்ளிவாசல்களும் வீடுகளும் வீழ்ந்தன. தாபகர்களின் அடக்கத் தலங்களும் அழிந்தன. கிரிமியப் போரில் ஈடுபட்டுப் பொருளாதார நெருக்கடியில் இருந்த அரசு உடனடியாகப் பெரிதும் எதையும் செய்யக்கூடிய நிலையில் இருக்கவில்லை. 1863இல் அப்துல் அஸீஸ் அவ்வடக்கத் தலங்களை மீளக் கட்டுவித்தார். அதே காலகட்டத்தில் அகமது வெஃபிக் பாஷா அனத்தோலியப் பரிசோதகராக வந்து நகரச் சீரமைப்பில் ஈடுபட்டார். மொலியேரின் நாடகங்களைத் துருக்கி மொழிக்குக் கொணர்ந்தவரும், 1879 முதல் 1882 வரை ஆளுநராக இருந்து புர்சாவில் நாடக அரங்கொன்றை நிறுவியவரும் இவரே.

முதலாவது மணிக்கூட்டுக் கோபுரத்தை இச்சூழலில் வைத்தே நோக்குதல் வேண்டும். 1839இன் ஆணையோடு தொடங்கிய தன்சிமாத் எனப்படும் சீர்திருத்தக் காலம், அரசைக் குடிமக்களின் அன்றாட வாழ்வுக்குள் கொண்டுவர முயன்ற காலமாகும். அரசாங்க அலுவலகம், படைமுகாம், புதுமுறைப் பாடசாலை, தந்தி நிலையம் ஆகியன மாகாண நகரங்களில் எழுந்தன. இவையனைத்திற்கும் குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடியும் ஒழுங்கு தேவைப்பட்டது. தொழுகை வேளையை மட்டும் அறிந்தால் போதும் என்றிருந்த நிலை மாறி, அலுவலக நேரம் என்னும் புதிய கருத்து உருவாயிற்று. மரபின் தாபகர்களது புதுப்பிக்கப்பட்ட அடக்கத் தலங்களுக்கு அருகில் ஒரு மணிக்கூடு நிறுவப்பட்டமை தற்செயலாகத் தோன்றவில்லை. இடிபாட்டிலிருந்து எழும் நகரில் அரசு தன் தொன்மையையும் தன் புதுமையையும் ஒரே மேட்டில் அருகருகே நிறுத்தியது எனலாம்.

4. 1905: முடிசூட்டு நாளும் இரண்டாவது கோபுரமும்

அப்துல் ஹமீது 1876 ஆகஸ்ட் 31இல் அரியணை ஏறினார். அவ்வாண்டே அரசியலமைப்பை அறிவித்து, 1878இல் பாராளுமன்றத்தை ஒத்திவைத்து, மூன்று தசாப்தங்கள் தனியாட்சி நடத்தினார். தலைநகரை விட்டு வெளியே செல்லாத அவர், தம் பேரரசைப் புகைப்படத் தொகுதிகள் வாயிலாகவே பார்த்தார். பாடசாலைகள், மருத்துவமனைகள், படைமுகாம்கள், தொழிற்கூடங்கள் ஆகியவற்றின் படங்களைக் கொண்ட 51 தொகுதிகள் அமெரிக்கப் பாராளுமன்ற நூலகத்திற்கு அன்பளிப்பாக அனுப்பப்பட்டன. மாகாண ஆளுநருக்கு இதன் பொருள் தெளிவானது: அரண்மனையின் கண்ணில் படத்தக்க கட்டடமே பயனுள்ள கட்டடம். சதுக்கத்தில் நெட்டுயர்ந்து நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தைவிட இதற்குப் பொருத்தமான வேறொன்றைக் காண்பது அரிது.

1900-1901இல் ஆட்சியின் வெள்ளிவிழா வந்தபோது இப்போக்கு உச்சமடைந்தது. இஸ்மீர் நகரின் புகழ்பெற்ற கோபுரம் 1901இல் இவ்விழாவையொட்டி எழுந்தது. 1827இல் கட்டப்பட்டு நிலநடுக்கத்தால் வீழ்ந்திருந்த பாலிகேசிர் நகரக் கோபுரமும் அவ்வாண்டிலேயே மீளக் கட்டப்பட்டது. பிரித்தானியப் பேரரசில் விக்டோரியா மகாராணியின் 1887, 1897ஆம் ஆண்டு விழாக்களையொட்டி மணிக்கூட்டுக் கோபுரங்கள் பெருகியதை இங்கு ஒப்புநோக்கலாம். போட்டியிட்ட இரு பேரரசுகளும் முடியின் புகழை நேரத்தின் முகத்தில் எழுதின.

புர்சாவின் இரண்டாவது கோபுரம் வெள்ளிவிழாவின் எதிரொலியாக நான்கு ஆண்டுகள் தாழ்த்தி வந்தது. ஆனால் அது திறக்கப்பட்ட தருணம் கவனத்துக்குரியது. 1905 ஜூலை 21 வெள்ளிக்கிழமை, இஸ்தான்புல்லின் யில்டிஸ் பள்ளிவாசலில் தொழுகை முடித்துச் சுல்தான் வெளியேறும் வேளையில் வெடிக்கும்படி ஆர்மீனியப் புரட்சியாளர்கள் ஒரு வண்டியில் குண்டு வைத்தனர். பள்ளிவாசல் வாயிலிலிருந்து அவர் தம் வண்டியை அடைய எடுக்கும் நேரத்தை அவர்கள் நிமிட, நொடிக் கணக்கில் அளந்து பொறியை அமைத்திருந்தனர். அன்று சுல்தான் ஷேகுல் இஸ்லாமுடன் சிறிது நேரம் உரையாடித் தாமதித்தமையால் உயிர் தப்பினார். 26 பேர் மாண்டனர். முறைதவறாத அரச நேர ஒழுங்கே அரசனுக்கு எதிரான ஆயுதமாகியது. ஒழுங்கினின்று வழுவிய சில நிமிடங்களே அவரைக் காத்தன. இதற்குப் பின் ஆறு வாரங்களில் வந்த முடிசூட்டு நாள், வழக்கமான விழாவாக மட்டும் இருந்திருக்க முடியாது. ஆட்சி தொடர்கின்றது என்று உரத்துக் கூறவேண்டிய தேவை அப்போது இருந்தது. ஓராண்டுக்கு முன்னரே பணி தொடங்கப்பட்ட புர்சாக் கோபுரம், எதிர்பாராத விதமாக அத்தேவைக்கும் பயன்பட்டது.

அந்த முடிசூட்டு நாளின் தேதியே நேரம் பற்றிய பெரும் சிக்கலொன்றை நமக்குக் காட்டுகின்றது. உதுமானிய நிர்வாகம் சமயத் தேவைகளுக்கு ஹிஜ்ரி நாட்காட்டியையும், வரவு செலவுக்கு ஜூலியன் முறையைத் தழுவிய ரூமி நாட்காட்டியையும் கைக்கொண்டது. ஐரோப்பியருடனான தொடர்புகளில் கிறெகோரியன் நாட்காட்டி வழங்கியது. 1876 ஆகஸ்ட் 31 என்பது ரூமிக் கணக்கில் ஆகஸ்ட் 19 ஆகும். ஜூலியன் முறையில் 1900 மிகையாண்டாகவும் கிறெகோரியன் முறையில் சாதாரண ஆண்டாகவும் அமைந்தமையால், இரண்டுக்குமிடையே 12 நாளாக இருந்த வேறுபாடு 13 நாளாயிற்று. அதன் பின்னர் அதே ரூமி ஆகஸ்ட் 19, ஐரோப்பியக் கணக்கில் செப்டெம்பர் 1 ஆக மாறியது. ஹிஜாஸ் புகையிரதப் பாதையின் பணி 1900 செப்டெம்பர் 1இல் தொடங்கப்பட்டு, மதீனா வரையான பாதை 1908 செப்டெம்பர் 1இல் திறக்கப்பட்டதன் காரணம் இதுவே. தன் மன்னரின் முடிசூட்டு நாளையே இரு வேறு தேதிகளில் எழுதவேண்டியிருந்த ஓர் அரசு, அந்நாளில் ஊர்தோறும் மணிக்கூடுகளைத் திறந்துவைத்தது. நேரத்தின் மீது அது உரிமை கொண்டாடியதற்கும் நேரத்தை அது உண்மையில் ஒருமுகப்படுத்தியதற்கும் இடையிலான தொலைவு இதனால் புலனாகும்.

ஆகவே கோபுரத்தை மேனாட்டு மயமாக்கலின் சின்னம் என்று மட்டும் கூறுவது போதாது. அப்துல் ஹமீது தம்மை இஸ்லாமிய உலகின் கலீபாவாக வலியுறுத்தியவர். ஒஸ்மானின் தந்தை எர்துக்ருலின் அடக்கத் தலத்தைச் சோகுத் என்னும் ஊரில் புதுப்பித்து, மரபின் தொடக்கத்தைப் புதிய வழிபாடாகவே வளர்த்தவர். ஒஸ்மான், ஓர்ஹான் ஆகியோர் துயிலும் மேட்டில் அவர் பெயரால் மணிக்கூடு எழுந்தபோது, அது ஆறு நூற்றாண்டு அரச மரபின் தொடர்ச்சியை அறிவித்தது. கருவி ஐரோப்பியம், செய்தி உதுமானியம். அதே உயரம் நகரில் தீ மூளுமிடத்தைக் கண்டறியவும் பயன்பட்டது. மரவீடுகள் நெருங்கிய நகரில், நேரத்தைப் பார்க்க மக்கள் கோபுரத்தை நோக்கினர். தீயைப் பார்க்கக் கோபுரம் மக்களை நோக்கியது.

5. ஆலைகளில் நேரம்

கோபுரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் புர்சாவின் நேர வரலாற்றில் பெரும்பகுதியை இழந்துவிடுவோம். மேட்டின் கீழே பட்டு ஆலைகள் இருந்தன.

புர்சா பல நூற்றாண்டுகளாகப் பட்டுச் சந்தை. 1840களில் நீராவியால் இயங்கும் பட்டுநூல் ஆலைகள் அங்கே தோன்றின. லியோன் முதலிய பிரெஞ்சு நகரங்களின் நெசவுத் தேவைக்காகக் கச்சாப் பட்டை இழைப்பதே அவற்றின் பணி. அடுத்த தசாப்தங்களில் பரவிய பட்டுப்புழு நோய் அத்தொழிலை நிலைகுலையச் செய்தது. 1881இல் உதுமானியக் கடன்களை வசூலிக்க ஐரோப்பியக் கடன்கொடுத்தோரின் சார்பில் பொதுக்கடன் நிர்வாகம் நிறுவப்பட்டபோது, பட்டின் மீதான வரியும் அதன் கைக்குச் சென்றது. வரி பெருகவேண்டுமாயின் பட்டு பெருகவேண்டும். எனவே 1888இல் புர்சாவில் பட்டுவளர்ப்புக் கல்விக்கூடமொன்று கெவோர்க் தோர்கோம்யன் என்பவரின் தலைமையில் நிறுவப்பட்டு, பாஸ்தரின் முறைப்படி நோயற்ற முட்டைகளைத் தெரியும் பயிற்சி அளிக்கப்பட்டது. 1892இல் முதானியாத் துறைமுகத்திற்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. உற்பத்தி மீண்டும் உயர்ந்தது. இவ்வளர்ச்சியின் பயன் யாரைச் சென்றடைந்தது என்பதைக் கடன் நிர்வாகத்தின் அமைப்பே கூறும்.

அவ்வாலைகளில் உழைத்தோரில் மிகப் பெரும்பாலோர் பெண்களும் சிறுமியருமாவர். தொடக்கத்தில் கிரேக்க, ஆர்மீனியப் பெண்களும் பின்னர் துருக்கியப் பெண்களும் அங்கு வேலை செய்தனர். கொதிநீர்த் தொட்டிகளில் பட்டுக்கூடுகளை இட்டு, நுனி தேடி, நூல் பிரித்தெடுக்கும் அவ்வேலை பகலொளியைச் சார்ந்தது. எனவே வேலைநாளும் பகலின் நீளத்தை ஒட்டியே நீண்டது. நாம் முன்னர் விளக்கிய அலத்துர்க்காக் கணக்கின் இன்னொரு பக்கம் இங்கே வெளிப்படுகின்றது. அக்கணக்கில் கதிரவன் மறைவு எப்போதும் பன்னிரண்டு. முடிவு என்றும் ஒன்றே. தொடக்கம் மட்டுமே மாறும். உழவனுக்கும் வணிகனுக்கும் உதவிய அதே முறை, கூலிக்கு உழைப்பவளிடத்தில் வேலைநாளின் நீளத்தை மறைக்கும் திரையாகவும் அமைய முடிந்தது. கோடையிலும் மாரியிலும் பன்னிரண்டு மணிக்கே வேலை முடிந்தது என்று சொல்வதில் பொய்யேதும் இல்லை. ஆனால் இடையில் ஐந்து மணிநேரத்திற்கும் மேற்பட்ட வேறுபாடு உண்டு.

ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், கைத்தொழில் முதலாளித்துவம் உழைப்பைப் பணியால் அளவிடும் நிலையிலிருந்து நேரத்தால் அளவிடும் நிலைக்கு மாற்றியதை விளக்கினார். தொழிலாளர் முதலில் நேர ஒழுங்கை எதிர்த்தனர்; பின்னர் அதே நேரத்தின் மொழியில் தம் உரிமைகளைக் கோரினர் என்பது அவர் முடிவு. புர்சாவுக்கும் இது பொருந்துகின்றது. 1908இன் அரசியலமைப்புப் புரட்சியைத் தொடர்ந்து பேரரசெங்கும் வேலைநிறுத்த அலை எழுந்தது. 1910இல் புர்சாவின் பட்டு ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலியும் வேலைநேரமுமே அவர்களின் வழக்கு. கோபுரம் திறக்கப்பட்டு ஐந்தே ஆண்டுகளில், அதன் அடிவாரத்தில் நேரம் பற்றிய உண்மையான வாதம் நிகழ்ந்தது. அவ்வாதத்தில் கோபுரம் சாட்சியாகக்கூட அழைக்கப்படவில்லை. ஆலையின் நேரத்தை ஆலைக்காரனே வைத்திருந்தான்.

அப்பெண்களின் வரலாறு அத்துடன் முடிவடையவில்லை. 1915இல் புர்சாவின் ஆர்மீனியர் நாடுகடத்தப்பட்டனர். 1922இல் கிரேக்கப் படையின் பின்வாங்கலோடும், 1923இன் மக்கட் பரிமாற்ற உடன்படிக்கையோடும் கிரேக்கர் நீங்கினர். கோபுரத்தின் மணியோசையைக் கேட்டு வாழ்ந்த சமூகங்களுள் இரண்டு பத்தாண்டுகளுக்குள் நகரிலிருந்து அகற்றப்பட்டன. பட்டுத் தொழில் தன் தேர்ந்த கைகளை இழந்தது. கோபுரம் நின்றது, அதனைக் கேட்டவர் பலர் இல்லை. ஒரு கட்டடம் நிலைத்து நிற்பதை நகரத்தின் தொடர்ச்சிக்குச் சான்றாகக் கொள்வோர் இவ்வுண்மையைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

6. குடியரசின் நேரம்

கோபுரத்தைக் கட்டுவித்த ஆட்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1908 ஜூலையில் அரசியலமைப்பு மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 1909 ஏப்பிரல் 27இல் அப்துல் ஹமீது அரியணையிலிருந்து நீக்கப்பட்டார். முடிசூட்டு நாள் பொருளற்றதாயிற்று. 1920 ஜூலை முதல் 1922 செப்டெம்பர் வரை புர்சா கிரேக்கப் படையின் ஆக்கிரமிப்பில் இருந்தது. மரபின் முதல் தலைநகர் வீழ்ந்த செய்தி கேட்டு அங்காராவின் தேசிய மன்றம் தன் பேச்சுமேடையைக் கருந்துணியால் மூடியது.

1923இல் நிறுவப்பட்ட குடியரசு, சுல்தான்கள் உரிமை கொண்டாடியும் செய்யாததைச் செய்தது. 1925 டிசெம்பர் 26இல் இயற்றப்பட்ட இரு சட்டங்களின்படி, 1926 ஜனவரி 1 முதல் நள்ளிரவில் தொடங்கும் 24 மணி நேரமும் கிறெகோரியன் ஆண்டுக் கணக்கும் நாடெங்கும் கட்டாயமாயின. 1928இல் எண்களும் எழுத்துகளும் மாறின. 1935இல் வார ஓய்வு வெள்ளியிலிருந்து ஞாயிறுக்கு மாற்றப்பட்டது. கதிரவன் மறைவோடு நேரத்திற்கிருந்த தொடர்பு பொதுவாழ்வில் அறுந்தது. தொழுகையிலும் நோன்பிலும் மட்டுமே அது எஞ்சியது.

இம்மாற்றத்தைத் துருக்கிய எழுத்தாளர் ஆழமாக உணர்ந்தனர். அகமது ஹாஷிம் 1921இலேயே ‘முஸ்லிம் நேரம்’ என்னும் கட்டுரையில், பழைய நேரக் கணக்கு கைவிடப்படுவதால் ஒரு சமுதாயம் தன் நாளின் வடிவத்தையே இழப்பதைப் பற்றி எழுதினார். அகமது ஹம்தி தன்பினார், புர்சாவில் நேரம் என்பதைப் பொருளாகக் கொண்ட புகழ்பெற்ற கவிதையையும், மணிக்கூடுகளைத் திருத்துவதற்கென்றே அரசு நிறுவனம் ஒன்று அமைக்கப்படுவதை எள்ளலாகச் சித்திரிக்கும் நாவலையும் படைத்தார். இவர்களின் ஏக்கம் மதிக்கத்தக்கது. ஆயினும் அது பெரும்பாலும் கற்றோரின் ஏக்கமாகும். மறைந்துபோன அந்த நேரத்தில் கொதிநீர்த் தொட்டியின் முன் நின்றவளுக்கு அந்நாள் எவ்வாறு இருந்தது என்பது அவ்வேக்கத்தில் இடம்பெறவில்லை. மறுபுறம், புதிய நேரமும் தன்னளவில் அவளுக்கு விடுதலை தரவில்லை. 48 மணி வேலைவாரத்தை வரையறுத்த தொழிற்சட்டம் 1936இலேயே வந்தது. அதாவது நாடு ஒரே நேரத்தைப் பெற்றுப் பத்தாண்டுகள் கழித்தே, அந்நேரத்தில் எவ்வளவு உழைக்கலாம் என்பதற்குப் பொதுவான எல்லை வந்தது. அரசின் நேரச் சீர்திருத்தமும் தொழிலாளரின் நேர உரிமையும் ஒன்றல்ல என்பதற்கு இப்பத்தாண்டு இடைவெளியே தக்க சான்று.

7. முடிவுரை

மீளக் கட்டப்பட்ட கோபுரங்களின் வரிசையில் புர்சா தனித்ததன்று. பாலிகேசிரை முன்னரே குறிப்பிட்டோம். எடிர்னேயில் பழைய கோட்டைக் கோபுரத்தின் மேல் எழுப்பப்பட்டிருந்த மணிக்கூட்டுத் தளங்கள் 1953இன் நிலநடுக்கத்தின் பின் அகற்றப்பட்டன. அமாசியாவில் 1865இல் கட்டப்பட்ட கோபுரம் 1940இல் இடிக்கப்பட்டு, 2002இல் பழைய வடிவத்தைத் தழுவி மீண்டும் எழுந்தது. இவற்றை ஒருங்கே நோக்கும்போது ஒரு வேறுபாடு தெளிவாகின்றது. 1905இல் புர்சாவில் மீளக் கட்டியோர் நேரத்தைக் காட்டவும் ஆட்சியைக் காட்டவும் கட்டினர். 2002இல் அமாசியாவில் கட்டியோர்க்கு நேரம் காட்டவேண்டிய தேவை இருக்கவில்லை. மணிக்கூடு எல்லோர் கையிலும் இருந்தது. அவர்கள் கட்டியது கடந்த காலத்தின் தோற்றத்தை. நேரத்தின் மீதான உரிமைக்குப் பதிலாக, இப்போது பழமையின் மீதான உரிமை கோரப்படுகின்றது.

புர்சாவும் இப்போக்கினுள் வந்துவிட்டது. 2014இல் அந்நகரும் அருகிலுள்ள ஜுமாலிக்கிசிக் கிராமமும் உதுமானியப் பேரரசின் பிறப்பிடம் என்னும் பெயரில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. தாபகர்களின் அடக்கத் தலங்களும் கோபுரமும் பூங்காவும் ஒன்றிணைந்த டோப்ஹானே மேடு பயணிகள் விரும்பிச் செல்லும் இடமாயிற்று. மரபின் பிறப்பு அங்கே எல்லோர்க்கும் தெரிகின்றது. அம்மரபின் கடைசிக் காலத்தில் மேட்டின் கீழே நடந்த உழைப்பும் வேலைநிறுத்தமும் வெளியேற்றமும் மேட்டில் எவ்விதச் சின்னத்தாலும் உயர்ந்து நிற்கவில்லை.

கோபுரங்களை இகழ்வதோ இடிப்பதோ வரலாற்றாய்வின் பணியன்று. அவற்றைப் படிப்பதே பணி. முதற் கோபுரம் அலுவலக நேரத்தின் தொடக்கத்தையும், இரண்டாவது கோபுரம் தனியாட்சியின் தன்னுறுதித் தேவையையும் நமக்குக் கூறுகின்றன. அவை கூறாமல் விட்டதை ஆலைகளின் வரலாற்றிலும், 1910இன் வேலைநிறுத்தத்திலும், 1936இன் சட்டத்திலும் நாம் தேட வேண்டியுள்ளது. பொது மணிக்கூடு ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர், அது சரியான நேரத்தைக் காட்டியதா என்று வினவுவதோடு நின்றுவிடலாகாது. அந்த நேரத்தில் யாருடைய வேலை தொடங்கியது, யாருடைய வேலை முடிந்தது, அதனைத் தீர்மானித்தவர் யார் என்பவற்றையும் வினவுதல் வேண்டும். இவ்வினாக்களுக்கு விடை காணும்போதே கோபுரத்தின் வரலாறு நகரத்தின் வரலாறாகும்.